காய்ச்சல் இல்லை என்று சொன்ன கை

போன கிழமை இறங்குதுறைப் பக்கம் வந்திருந்தபோது உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஐயா, எஞ்சின் சூட்டைக் கையால தொட்டுப் பாக்கிறதா, மீற்றர் முள்ளைப் பாத்து நம்புறதா?" நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். பதில் தெரியாமல் அல்ல. பதில் மட்டும் சொன்னால் அடுத்த தேத்தண்ணியோடு மறந்துபோவீர்கள் என்றுதான் சொல்லவில்லை. அந்தப் பதிலுக்குப் பின்னால் ஒரு மனிதன் இருக்கிறான். அவனையும் சேர்த்தே எழுதுகிறேன். வாசிக்கும்போது ஒரு கையால் மற்றக் கையைத் தொட்டுக்கொண்டு இருங்கள். ஏன் என்று பிறகு விளங்கும்.

என்னைத் தெரியாத பிள்ளைகளுக்கு: குடாவில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்கு ஆட்களையும் சாமான்களையும் கொண்டுபோகும் லாஞ்சில்தான் என் காலம் கழிந்தது. ஓய்வு எடுக்கும் வரைக்கும் சுக்கான் பிடித்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. மிச்சமெல்லாம் ஆட்களின் வாயிலிருந்து படித்ததுதான். நல்லதாக ஒரு கதை சொன்னார்கள் என்றால் சொன்னவரையும் அந்த இடத்தையும் சேர்த்து ஞாபகம் வைத்திருப்பேன். அதனால் என் எழுத்தில் மற்றவர்களின் குரல்தான் கூடக் கேட்கும்.

எங்கள் லாஞ்சில் மூன்று பேர். சுக்கானில் நான்; ஓட்டியார் என்று கூப்பிடுவார்கள். கயிறு வேலைக்கு மூதூர் கபூர் காக்கா. மூவரில் அவர்தான் மூத்தவர். கடலுக்குள் விழுந்தாலும் அவருடைய கதை நிற்காது. எஞ்சினுக்கு ஞானம். உப்புவெளிக்காரன், நாற்பதைத் தாண்டியவன், ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பாடகர் குழுவில் பாடுகிறவன்.

எஞ்சின் அறை என் காலடியில் இருந்தது. ஒரு சதுர ஓட்டை வழியாகக் குனிந்தால் ஞானத்தின் தலை தெரியும். பயணம் தொடங்க முதலும், நடுவழியிலும், கப்பலின் பக்கத்தில் கட்ட முதலும் அவன் வலது கையை எஞ்சினின் தலையில் வைப்பான், பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி. பிறகு மேலே பார்த்துக் கத்துவான்: "காய்ச்சல் இல்லை!" அதைக் கேட்ட பிறகுதான் நான் வேகம் கூட்டுவேன். மற்ற லாஞ்ச்களில் என்ன செய்தார்களோ தெரியாது, எங்களுடையதில் அதுதான் வழக்கம்.

சூடு காட்டும் முள் இல்லாமல் இல்லை. என் கண்ணுக்கு நேரே பலகையில் இருந்தது. உப்புக் காற்றில் மாற்றி மாற்றிப் பூட்டியும் அது ஒழுங்காக நின்றதில்லை. கபூர் காக்கா சொல்லுவார்: "அது சூடு காட்டுற முள்ளில்ல ஓட்டியார், மக்காப் பக்கம், கிப்லா காட்டுற முள்ளு. எந்தப் பக்கம் திரும்பினாலும் அது ஒரு பக்கந்தான் பாக்கும்." அதனால் நாங்கள் முள்ளைக் கணக்கில் எடுப்பதில்லை. ஞானத்தின் கைக்கு அவ்வளவு பெயர். மற்ற லாஞ்ச்காரரும், "ஒருக்கா வந்து கை வைச்சுப் பாரும்" என்று கூப்பிடுவார்கள். கொதிக்கிற தேத்தண்ணிக் கோப்பையை நாங்கள் துணி சுற்றிப் பிடிப்போம். அவன் வெறுங்கையால் பிடித்துக்கொண்டு கதைத்துக்கொண்டிருப்பான். "இரும்புக் கையடா உனக்கு" என்று நானே எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன்.

அந்த வருடம் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று தொடங்கிய காலத்தில்தான் எங்கள் லாஞ்ச் ஒரு மாதிரி நடக்கத் தொடங்கியது.

முதலில் எஞ்சினின் மூடியில் பூசியிருந்த பச்சைப் பெயின்ற் கொப்புளம் போட்டது. ஞானம் கை வைத்துப் பார்த்தான். காய்ச்சல் இல்லை. பிறகு தண்ணீர் போகும் ரப்பர் குழாய் ஒன்று உருகி வளைந்தது. காய்ச்சல் இல்லை. ஒரு நாள் பட்டப்பகலில், குடாவின் நடுவில், கண்ணாடி மாதிரித் தண்ணீரில், எஞ்சின் தானாக நின்றது. ஒரு சத்தமும் இல்லை. நான் எட்டிப் பார்த்தேன். ஞானம் எஞ்சினின் தலையில் உள்ளங்கையை வைத்தபடி நின்றான். "பச்சைத் தண்ணி மாதிரிக் கிடக்கு அண்ணை. ஏன் நிண்டதெண்டு தெரியேல்லை" என்றான். நான் மூடியில் விரல் நுனியை வைத்தேன். உடனே இழுத்துக்கொண்டேன். கொதித்தது.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவன் மறுபடியும் கை வைத்தான். "இல்லையே" என்றான்.

கபூர் காக்கா அதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தார். "எஞ்சினுக்குள்ள ஒண்டு இரிக்கி ஓட்டியார். அது ஞானத்துக்கு மட்டும் குளிர் காட்டுது. அவன்ட கை படுறப்ப அடங்கி இரிக்கி, கையை எடுத்தாக் கொதிக்கிது. அதுக்கு அவன்ல ஏதோ ஒரு விருப்பம்." சொல்லிவிட்டுத் தண்ணீர் ஓதிக்கொண்டு வந்து எஞ்சின் அறையில் தெளித்தார். ஞானம் தன் பங்குக்கு அந்தோனியார் படம் ஒன்றை ஒட்டினான். இரண்டு பக்கத்துக் காவலோடும் லாஞ்ச் ஓடியது. திருத்துகிறவர் வந்து எஞ்சினைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "இதில ஒரு பிழையும் இல்லை. கொதிக்கக் கொதிக்க ஓட்டியிருக்கிறீங்கள், அவ்வளவுதான்" என்றார். எங்களுக்குக் கோபம் வந்தது. ஞானத்தின் கை இருக்கும்போது கொதிக்க விடுவோமா?

இன்னொன்று. ஒரு காலை நாங்கள் மூவரும் லாஞ்சில் ஏறிய பிறகு கபூர் காக்கா இறங்குதுறைப் படியைக் காட்டினார். ஒற்றைச் செருப்பு ஒன்று படியில் கிடந்தது, முன்பக்கம் கடலைப் பார்த்தபடி.

"ஆருட செருப்பு அது?"

ஞானத்தின் வலது காலில் செருப்பு இருந்தது. இடது கால் வெறுங்காலாக இருந்தது. அவன் குனிந்து அந்தக் காலைப் பார்த்தான், வேறு யாருடையதோ காலைப் பார்க்கிற மாதிரி. "போட்டுக்கொண்டுதானே வந்தனான்" என்றான். சிரித்தான். நானும் சிரித்தேன். கபூர் காக்கா சிரிக்கவில்லை. போய் அந்தச் செருப்பை எடுத்துவந்து அவன் முன்னால் வைத்துவிட்டு, "ஆள் ஏறிட்டான், செருப்பு வழியனுப்ப நிக்கிது. எனக்கு இது நல்லாப் படல்ல மனே" என்றார்.

அந்தச் சிரிப்பை நான் அடிக்கடி நினைப்பேன். சிரிக்க முடிகிற விஷயம் என்றால் மனிதன் அதற்கு மேலே யோசிப்பதில்லை.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

மத்தியான வெயில். கப்பல் ஒன்றுக்கு மாற்று ஆட்களைக் கொண்டுபோனோம். பைகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நாலைந்து வெளிநாட்டு மாலுமிகள் பின்பக்கம் இருந்தார்கள். கப்பல் கிட்ட வந்துவிட்டது. அதன் நங்கூரச் சங்கிலியின் ஒவ்வொரு வளையமும் தெரிந்தது. அப்போது கபூர் காக்கா மூக்கை உறிஞ்சினார்.

"ஓட்டியார், ஆரு இறைச்சி வாட்டுறது?"

எனக்கும் மணந்தது. கப்பல் குசினியாக இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. காற்று எங்கள் முதுகுப் பக்கத்திலிருந்து கப்பலை நோக்கி அடித்துக்கொண்டிருந்தது. கப்பலின் மணம் எங்களிடம் வராது. மணம் எங்களுடையது.

நான் ஓட்டை வழியாகக் குனிந்து பார்த்தேன்.

ஞானம் ஒரு பெட்டியின் மேல் இருந்தான். புகைக்குழாயைச் சுற்றியிருந்த துணி ஓரிடத்தில் அவிழ்ந்து தொங்கியது. அவனுடைய வலது கை, சின்ன விரல் பக்கமாக, அந்த வெறும் குழாயின் மேல் ஆறுதலாகக் கிடந்தது, கதிரையின் கையில் கிடக்கிற மாதிரி. அதிலிருந்து நூல் போல ஒரு புகை எழும்பியது. அவன் ஞாயிற்றுக்கிழமைக்கான பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டு இடது கையால் தொடையில் தாளம் போட்டான். என் நிழல் பட்டதும் நிமிர்ந்து பார்த்தான். முகம் நிறையச் சிரிப்பு.

"காய்ச்சல் இல்லை அண்ணை!"

வாய் நிறையச் சத்தம் வந்தது. விழுங்கினேன். அவனுடைய முழங்கைக்குப் பின்னால் எஞ்சினின் ரப்பர்ப் பட்டி சுழன்றுகொண்டிருந்தது. கத்தினால் திடுக்கிட்டுப் பின்னால் சாய்வான். சாய்ந்தால் பட்டி கையோடு இழுக்கும். பக்கத்தில் கிடந்த கயிற்றுத் துண்டை எடுத்து அவன் முன்னால் விட்டேன். என் குரல் எனக்கே தெரியாத ஒரு சாதுவான குரலாக வந்தது.

"ஞானம், அந்தக் கையால இதை ஒருக்காப் பிடி."

அவன் கையைத் தூக்கிக் கயிற்றைப் பிடித்தான். குழாயில் தோல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு நின்றது. அவன் அதைப் பார்த்தான். கையைப் பார்த்தான். சிரிப்பு முகத்திலிருந்து இன்னும் போகவில்லை.

நான் நிமிர்ந்து, அத்தனை வருடத்தில் முதல் தரமாக, முள்ளை நம்பிப் பார்த்தேன். அது சிவப்பின் கடைசியில் நின்றது. என்றைக்கும் நடுங்குகிற முள், அன்று நடுங்கவில்லை. எஞ்சினை நிறுத்தினேன்.

கப்பலுக்குக் கிட்ட எஞ்சினை நிறுத்துவது எவ்வளவு பைத்தியக்கார வேலை என்று உங்களுக்குத் தெரியும். காற்று எங்களைச் சங்கிலிப் பக்கம் தள்ளியது. கப்பலின் மேலேயிருந்து கத்தினார்கள். கபூர் காக்கா ஒரு கேள்வியும் கேட்காமல் கொக்கித் தடியை எடுத்துச் சங்கிலியில் ஊன்றித் தள்ளினார். நான் துடுப்பொன்றைப் போட்டேன். அப்படியே மெல்ல விலகினோம். எஞ்சின் சத்தம் இல்லாத அந்த அமைதியில், கீழேயிருந்து ஞானத்தின் குரல் மட்டும் வந்தது: "அண்ணை, நோகேல்லையே. ஏன் அண்ணை நோகேல்லை?"

எஞ்சின் ஆறியதும் மாலுமிகளைக் கப்பலில் ஏற்றிவிட்டு, கரைக்கு வந்து பார்த்தால் காயம் சின்னது. பாதிப் பாக்கு அளவுதான். அலுவலகத்தில் ஒருவர் துணியைச் சுற்றிவிட்டு, பின்னேரப் பயணத்துக்கு ஆயத்தமாகச் சொன்னார். கபூர் காக்கா பற்பசை பூசச் சொன்னார். ஞானமும் தேறிவிட்டான்.

"நோகாத காயத்துக்கு ஏன் அண்ணை ஆஸ்பத்திரி? சனம் சிரிக்கும்."

"நோகாததுக்காகத்தான் போறம். ஏறு ஓட்டோவில."

ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிற அறையில் ஒரு தாதி. இளம் பிள்ளை, அதிகம் கதைக்காதவர். காயத்தைத் தேய்த்துக் கழுவினார். நான் பல்லைக் கடித்தேன். ஞானம் அவரிடம் எந்த ஊர் என்று விசாரித்துக்கொண்டிருந்தான். அவர் கழுவுவதை நிறுத்தினார். காயத்தை விட்டுவிட்டு அவனுடைய முகத்தைப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மேலே சுருட்டினார். முழங்கைக்கு மேலே தோல் ஓரிடத்தில் வெளிறியிருந்தது. நாங்கள் எல்லோரும் பார்த்துப் பழகிய வெளிறல்தான். எண்ணெய் பட்டது என்று நினைத்திருந்தோம்.

அவர் பஞ்சில் ஒரு இழை எடுத்து நுனியை முறுக்கினார். "கண்ணை மூடுங்கோ. தொட்டவுடனே 'ஓம்' எண்டு சொல்லுங்கோ."

ஞானம் கண்ணை மூடினான். தாதி அவனுடைய சின்ன விரலைத் தொட்டார். உள்ளங்கையைத் தொட்டார். காயத்தின் ஓரத்தை, மணிக்கட்டை, அந்த வெளிறிய இடத்தைத் தொட்டார். திரும்பவும் முதலில் இருந்து. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும். ஞானம் கண்ணை மூடியபடி, நல்ல பிள்ளை மாதிரி, சிரித்த முகத்தோடு காத்துக்கொண்டிருந்தான்.

கொஞ்ச நேரம் கழித்து, "தொடங்குங்கோ மிஸ்ஸி" என்றான்.

பிள்ளைகள், கடலில் நான் பயந்த நாட்கள் இருக்கின்றன. அந்தச் சொல்லுக்குப் பயந்த மாதிரி நான் எதற்கும் பயந்ததில்லை.

தாதி என்னைப் பார்த்தார். பஞ்சைக் கீழே வைத்துவிட்டு டொக்டரைக் கூப்பிடப் போனார்.

சீனி வருத்தமாக்கும் என்று நான் நினைத்தேன். இரத்தம் பார்த்தார்கள், சீனி இல்லை. தோல் பிரிவு டொக்டர் வந்து அவனுடைய முழங்கைக்குப் பின்னால் விரலை வைத்து உருட்டிப் பார்த்தார். என் விரலையும் வைத்துப் பார்க்கச் சொன்னார். உள்ளே ஒரு நரம்பு, கயிறு முறுக்கேறினால் தடிக்குமே, அப்படித் தடித்துக் கிடந்தது. இடது காலிலும் உணர்ச்சி குறைந்திருந்தது; வேறு சோதனைகளும் செய்து, அடுத்த கிழமை வரச்சொல்லி, அன்றைக்குத்தான் பெயரைச் சொன்னார். தொழுநோய்.

மெதுவாக விளங்கப்படுத்தினார். இது கனகாலமாகச் சத்தமில்லாமல் நரம்புக்குள் இருந்திருக்கிறது. மருந்து இருக்கிறது, காசில்லை, ஒரு வருடம் விடாமல் குடிக்க வேண்டும். குடிக்கத் தொடங்கினால் மற்றவர்களுக்குத் தொற்றாது. வீட்டிலேயே இருக்கலாம், வேலைக்கும் போகலாம். குடிக்காமல் விட்டால் விரல்கள் மடங்கும், கை போகும், மற்றக் கையும் கால்களும் பின்னால் போகும். செத்துப்போன உணர்ச்சி திரும்பி வருமா என்று மட்டும் அவர் உறுதி சொல்லவில்லை.

வெளியில் மரவாங்கில் வந்து இருந்தோம். ஞானம் மருந்து அட்டையை மடியில் வைத்து அதன் ஓரத்தை மடித்து மடித்து விரித்தான்.

"நான் இதைக் குடிக்கேல்லை அண்ணை" என்றான் கடைசியில்.

"ஏன்?"

"மாசாமாசம் இஞ்ச வந்து நிண்டா ஊர் அறியும். கோயிலில எனக்குப் பக்கத்தில ஆர் நிண்டு பாடுவினம்? கபூர் காக்காவின்ர போத்தலில வாய் வைச்சுத் தண்ணி குடிக்கிறனான். அந்த மனிசன் என்ன நினைக்கும்? நோகாத கை அண்ணை. அது பாட்டில கிடக்கட்டும்."

"அது பாட்டில கிடவாது ஞானம். அண்டைக்குக் குழாயில கிடந்த மாதிரித்தான் கிடக்கும். நீ பாடிக்கொண்டிருப்பாய்."

அவன் கையை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்த்தான். பிறகு மடியில் முகத்தை வைத்து அழுதான். அழுகை முடிந்ததும் குழாயடிக்குப் போய் முதல் மருந்தைக் குடித்துவிட்டு வந்தான். "கபூர் காக்காவுக்கு நானே சொல்லுறன். நீங்கள் சொல்லாதேங்கோ" என்றான்.

சொன்னான். இறங்குதுறையில் வைத்து, நான் கேட்கத்தக்கதாக, ஒளிக்காமல் சொன்னான். முதல் தரமாகக் கபூர் காக்காவின் கதை நின்றதை அன்றைக்குத்தான் கண்டேன். தன் தண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு மூதூருக்குப் போய்விட்டார். மறுநாள் வேலைக்கு வரவில்லை. ஞானம் அவருடைய கயிறுகளைச் சுருட்டி ஒழுங்காக வைத்துவிட்டு அதன் பக்கத்தில் இருந்தான்.

அதற்கு அடுத்த நாள் காலை அவர் வந்தார். கண் சிவந்திருந்தது.

"ஓட்டியார், கூட வேலை செஞ்ச நம்மளையும் பாக்கோணுமாமே. எப்ப போற?" என்றார். பிறகு ஞானத்தைப் பார்த்து, "நேத்து முழுக்க ஒரு ஊசிய எடுத்துக்கிட்டு உச்சியில இருந்து உள்ளங்கால் வரைக்கும் குத்திப் பாத்தன் மனே. உம்மா பெத்த நாள்ல இருந்து இந்த ஒடம்ப நான் இப்பிடிப் பாத்ததில்ல. எல்லா இடமும் நோகுது, அல்ஹம்துலில்லாஹ். உன்ட எஞ்சின்ல இருந்த ஜின்னைத்தான் இனி என்ன செய்யிறதெண்டு தெரியல்ல. சும்மா கெடந்த சாமான மாசக்கணக்கா ஓதித் துன்பப்படுத்திட்டன்" என்றார்.

ஞானம் சிரித்தான். கபூர் காக்கா தன் போத்தலைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டு, மூடாமல், அவனிடம் நீட்டினார்.

எங்களைப் பரிசோதித்ததும் அதே தாதிதான். முதலில் கபூர் காக்கா, ஒவ்வொரு தொடுகைக்கும் "ஓம்! ஓம்!" என்று அறை அதிர்ந்தது. பிறகு என்னை இருத்தினார். "கண்ணை மூடுங்கோ."

மூடினேன். மின்விசிறி சுற்றியது. ஒன்றும் படவில்லை. இன்னும் தொடங்கவில்லை என்று நினைத்தேன். உடனே ஞானமும் அப்படித்தானே நினைத்தான் என்ற நினைவு வந்தது. தாதி இந்நேரம் என் விரலைத் தொட்டுக்கொண்டிருக்கிறாரா? திரும்பவும் தொடுகிறாரா? கபூர் காக்கா ஏன் பேசாமல் இருக்கிறார்? அவர் கண்டுகொண்டிருக்கிறாரா? என் கைகள் மடியில்தான் இருந்தன. ஆனால் அவை அங்கே இருக்கின்றன என்று எனக்கு யார் சொன்னது? கண்ணைத் திறக்கலாம். திறந்தால் என்ன தெரியுமோ என்று பயமாக இருந்தது.

சின்ன விரலில், இலையான் பறந்து வந்து இருக்கிற மாதிரி, ஒன்று பட்டது.

"ஓம்!" என்று கத்தியேவிட்டேன்.

"பஞ்சு எடுக்கப் போனனான் ஐயா. இப்பதான் தொடங்குறன்" என்றார் தாதி.

எங்கள் இருவருக்கும் ஒன்றும் இல்லை. ஞானத்தின் மனைவிக்கும் இல்லை.

அவன் ஒரு வருடமும் விடாமல் குடித்தான். அந்த மருந்தில் தோல் கறுத்தது. கேட்டவர்களுக்குக் கபூர் காக்கா, "குளிக்கிறதில்ல" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். கோயிலில் ஒருவர் இருவர் இடம் மாறி நின்றார்கள். பலர் நின்ற இடத்திலேயே நின்றார்கள். எஞ்சின் அறையிலேயே புது முள் பூட்டினோம், குழாய்க்குத் தடித்த உறை போட்டோம். டொக்டர் சொன்னபடி, கை செய்த வேலையை அவன் கண் செய்யப் பழகியது. ஒவ்வொரு பின்னேரமும் வெளிச்சத்தில் இருந்து இரண்டு கைகளையும் கால்களையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பான், வேறு ஒருவருடைய பொருளைப் பொறுப்பில் எடுத்த மாதிரி. விரல்கள் பத்தும் நேராகவே இருக்கின்றன. உணர்ச்சிதான் வரவில்லை.

கேள்விக்குப் பதில் இதுதான். கையையும் பாருங்கள், முள்ளையும் பாருங்கள். இரண்டும் இரண்டு கதை சொன்னால் எஞ்சினை நிறுத்துங்கள், கப்பல்காரன் கத்தட்டும். அதற்கும் முதல், கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறவரிடம் கையைக் கொடுத்து, தொடச் சொல்லுங்கள். ஒரு நிமிடம் போகாது.

நான் ஓய்வு எடுத்த நாள், இறங்குதுறைப் படியில் ஞானத்திடம் விடைபெற்றேன். கடைசியாக ஒருக்கா எஞ்சினில் இருந்து கத்தச் சொன்னேன். அவன் குனிந்து புது முள்ளைப் பார்த்துவிட்டு, "காய்ச்சல் இல்லை!" என்று கத்திவிட்டு மேலே வந்தான். நான் அவனுடைய வலது கையைப் பிடித்தேன். அவன் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுடைய கண் நிறைந்து வழிந்தது. அதனால் கீழே ஒன்றும் தெரியவில்லைப் போல.

"அண்ணை," என்றான், "கையைப் பிடிச்சிட்டீங்களோ?"

"ஓம் ஞானம்," என்றேன். "பிடிச்சுக்கொண்டுதான் நிக்கிறன்."